கிளெய்ம் மறுக்கப்பட்டால் எங்கே முறையிடுவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

காப்பீட்டு நிறுவனங்களைப் பற்றி வந்த கடிதங்களில் ஐந்தை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், ஊரைத் தவிர வேறு அடையாளம் எதையும் குறிப்பிடவில்லை.

கும்பகோணம் வாசகி: என் கணவருக்கு நெஞ்சுவலி வந்து, தனியார் மருத்துவமனை ஒன்றில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். ரூ.3,40,000 செலவானது. பாலிசி எடுத்து இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. பத்து ஆண்டுகளாக இருந்த ரத்த அழுத்தத்தை மறைத்துவிட்டோம் என்று சொல்லி, நிறுவனம் கிளெய்மை மறுத்துவிட்டது. அவருக்கு ரத்த அழுத்தம் இருப்பதே பாலிசி எடுத்து ஒன்றரை ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. 'ஐதராபாத்துக்கு எழுதுங்கள், அவர்கள் உத்தரவு போட்டுப் பணம் வாங்கித் தருவார்கள்' என்கிறார் ஏஜென்ட். எழுதலாமா?

பதில்: எழுதலாம், அம்மா. ஆனால் ஏஜென்ட் சொன்னதில் பாதிதான் சரி. ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தது. காப்பீட்டு நிறுவனங்களுக்கு உரிமம் தருவதும், விதிகள் வகுப்பதும், மீறினால் அபராதம் விதிப்பதும் அதன் வேலை. உங்கள் கணவருக்கு ரத்த அழுத்தம் எப்போது தொடங்கியது என்று இரு தரப்பையும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் வேலை அதற்கு இல்லை. நீங்கள் அதன் 'பீமா பரோசா' இணையத்தளத்தில் பதிவு செய்யும் புகார், ஓர் எண்ணுடன் நேராக அந்த நிறுவனத்துக்கே போகும். நிறுவனம் உரிய காலத்துக்குள் பதில் சொல்கிறதா என்று ஆணையம் கவனிக்கும். கிளெய்ம் தொகையைத் தரும்படி உத்தரவிடும் அதிகாரம் பாலிசிதாரர்களின் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரியான காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனுக்கு இருக்கிறது. தமிழ்நாட்டுக்கான ஆம்பட்ஸ்மேன் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. இந்த இரண்டு இடங்களையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, ஐதராபாத்திலிருந்து தீர்ப்பு வரும் என்று மாதக்கணக்கில் காத்திருந்து காலக்கெடுவைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

நீங்கள் போக வேண்டிய வரிசை இது. முதலில், நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்து மூலம் புகார் அனுப்ப வேண்டும். அந்த அலுவலரின் முகவரி உங்கள் பாலிசி ஆவணத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். 14 நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். இந்தப் புகாரை பீமா பரோசா வழியாகவும் அனுப்பலாம். இணையம் பழக்கமில்லை என்றால் 155255 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசிப் பதிவு செய்யலாம். நிறுவனம் மீண்டும் மறுத்தாலோ, பதில் திருப்தியாக இல்லை என்றாலோ, ஒரு மாதம் கடந்தும் பதிலே வரவில்லை என்றாலோ, அடுத்த ஓராண்டுக்குள் ஆம்பட்ஸ்மேனிடம் போக வேண்டும். அங்கே கட்டணம் கிடையாது. வழக்கறிஞரோ ஏஜென்டோ உங்களுக்காக வாதாட முடியாது. நீங்களே பேச வேண்டும். விசாரணை காணொலி வழியாகவும் நடக்கிறது என்பதால், கும்பகோணத்திலிருந்து சென்னைக்குப் பயணப்பட வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் வராது.

இனி, உங்கள் வழக்கின் உயிர்நாடிக்கு வருகிறேன். 'பத்து ஆண்டுகள்' என்ற கணக்கு நிறுவனத்துக்கு எங்கிருந்து கிடைத்தது? ஏறக்குறைய உறுதியாகச் சொல்வேன், மருத்துவமனையின் கேஸ் ஷீட்டிலிருந்துதான் கிடைத்திருக்கும். நெஞ்சுவலியோடு ஒருவரை நள்ளிரவில் கொண்டுவந்து சேர்க்கும்போது, பணியில் இருக்கும் இளம் மருத்துவர் அவசரமாக நான்கு கேள்விகள் கேட்பார். நோயாளியால் பேச முடியாது. கூட வந்த மைத்துனரோ பக்கத்து வீட்டுக்காரரோ, 'ரொம்ப நாளா பிரஷர் இருக்கு டாக்டர்' என்று சொல்லிவிடுவார். அந்த 'ரொம்ப நாள்' தாளில் 'பத்து வருடம்' என்று பதிவாகும். மறுநாள் அதுவே டிஸ்சார்ஜ் சம்மரியில் தட்டச்சாகி, பிறகு மறுப்புக் கடிதத்தில் காரணமாகி நிற்கும். இப்படி ஒரு வரியால் முழுத் தொகையும் மறுக்கப்பட்ட தாள்களை நான் பலமுறை கையில் வாங்கிப் படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது.

எனவே, முதல் வேலையாக மருத்துவமனைக்கு எழுத்துப்பூர்வமாக விண்ணப்பித்து, கேஸ் ஷீட்டின் முழு நகலையும் வாங்குங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை நெறி விதிமுறைகளில் இருக்கிறது. அந்த வரலாற்றைச் சொன்னவர் யார் என்று அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, சிகிச்சை அளித்த இதய மருத்துவரைச் சந்தித்து, பத்து ஆண்டுகள் என்ற குறிப்பு உடன் வந்தவர் சொன்னதன் பேரில் எழுதப்பட்டது என்பதும், அதற்குச் சான்றாக எந்த மருத்துவ ஆவணமும் பார்க்கப்படவில்லை என்பதும் உண்மையானால், அதை அவருடைய கடிதத்தாளில் எழுதித் தரும்படி கேளுங்கள். அதோடு, ரத்த அழுத்தத்துக்காக முதன்முதலில் மாத்திரை எழுதித் தந்த மருத்துவரின் சீட்டு, பாலிசி எடுப்பதற்கு முன்பு அலுவலகத்திலோ வேறெங்கோ செய்த உடல் பரிசோதனையின் அறிக்கை, பழைய மருந்துக்கடை ரசீதுகள் ஆகியவற்றைத் தேடி எடுங்கள். பாலிசிக்கு முந்திய பரிசோதனை அறிக்கை ஒன்றில் ரத்த அழுத்தம் இயல்பாக இருந்ததாகப் பதிவாகியிருந்தால், அந்த ஒரு தாள் உங்கள் மனு முழுவதையும் தாங்கும். மறைத்தார் என்று சொல்லும் நிறுவனம்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பதைச் சட்டம் தெளிவாக ஏற்றிருக்கிறது.

பாலிசி கேட்டு நிரப்பிக் கொடுத்த முன்மொழிவுப் படிவத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். பல வீடுகளில் ஏஜென்டே எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டு, கடைசிப் பக்கத்தில் கையெழுத்து மட்டும் வாங்குகிறார். கையெழுத்து உங்கள் கணவருடையது என்பதால், 'ஏஜென்ட் நிரப்பினார்' என்பது மட்டுமே போதுமான பதிலாகாது. ஆனால் அந்தப் படிவத்தில் ரத்த அழுத்தம் பற்றிய கேள்வியே இல்லை என்றாலோ, கட்டம் காலியாக விடப்பட்டிருந்தாலோ, அதை மனுவில் குறிப்பிட வேண்டும். காலியாக விட்ட கட்டத்தைப் பார்த்தும் பிரீமியத்தை வாங்கிக்கொண்டவர்கள் அவர்கள்தானே?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உண்மையிலேயே பாலிசிக்கு முன்பே மாத்திரை சாப்பிட்டு வந்திருந்தால், மருத்துவரிடம் மாற்றிக் கடிதம் கேட்காதீர்கள். அது தவறு, விசாரணையில் மருந்துக்கடைப் பதிவு ஒன்று வெளிவந்தால் மனு அங்கேயே சரிந்துவிடும். ஐந்து ஆண்டுகள், அதாவது 60 மாதங்கள், இடைவெளியின்றிப் பாலிசி நடந்திருந்தால், மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி, சொல்லாமல் விட்டதைக் காரணம் காட்டிக் கிளெய்மை மறுக்க முடியாது என்று 2024-இல் விதி வந்திருக்கிறது. முன்பு அது எட்டு ஆண்டுகளாக இருந்தது. உங்கள் பாலிசிக்கு இரண்டரை ஆண்டுகள்தான் என்கிறீர்கள். ஆனால், இதற்கு முன் வேறொரு நிறுவனத்தில் இருந்த பாலிசியை விடாமல் இங்கே மாற்றிக்கொண்டு வந்தவரா உங்கள் கணவர்? அப்படியானால் அந்தப் பழைய ஆண்டுகளும் கணக்கில் சேரும். கடிதத்தில் நீங்கள் அதைச் சொல்லவில்லை; பாருங்கள்.

மனுவை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். நிறுவனம் உங்களை அலைக்கழித்த கதை முழுவதையும் எழுதத் தோன்றும், எழுதாதீர்கள். பாலிசி எண், கிளெய்ம் எண், சேர்க்கப்பட்ட நாள், மறுத்த நாள் ஆகியவற்றை முதல் பத்தியில் கொடுத்துவிட்டு, இரண்டாவது பத்தியை இப்படித் தொடங்கலாம்: 'தங்கள் மறுப்புக் கடிதத்தில் எனக்குப் பத்து ஆண்டுகளாக ரத்த அழுத்தம் இருந்ததாகக் குறிப்பிட்டுள்ளீர்கள். இதற்குத் தாங்கள் ஆதாரமாகக் கொண்ட ஆவணத்தின் நகலைத் தர வேண்டுகிறேன். பாலிசி தொடங்குவதற்கு முந்திய பரிசோதனை அறிக்கையை இத்துடன் இணைத்துள்ளேன். அதன்படி என் ரத்த அழுத்தம் இயல்பாக இருந்தது.' கடைசிப் பத்தியில், எவ்வளவு தொகை வேண்டும் என்பதை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுங்கள். மறுப்புக் கடிதம் பாலிசியின் எந்த விதியைச் சுட்டுகிறது என்பதைத் தேடிப் படித்து, அந்த விதிக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். விதி எண்ணே இல்லாமல் மறுத்திருந்தால், அதையே முதல் குறையாக எழுதலாம். எந்த நிபந்தனையின் பேரில் மறுக்கிறோம் என்று நிறுவனம் குறிப்பிட்டாக வேண்டும் என்பதும், நிறுவனத்தின் கிளெய்ம் பரிசீலனைக் குழு பார்க்காமல் எந்தக் கிளெய்மையும் மறுக்கக் கூடாது என்பதும் ஆணையத்தின் 2024 மே மாத முதன்மைச் சுற்றறிக்கையில் இருக்கின்றன. மனுவில் உங்கள் கணவரே கையெழுத்திட வேண்டும். அஞ்சலில் அனுப்பினால் ரசீதையும், மின்னஞ்சலில் அனுப்பினால் அதன் அச்சுப் பிரதியையும் பத்திரப்படுத்துங்கள். ஒரு மாதக் கணக்கு அந்த நாளிலிருந்துதான் ஓடும்.

2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு உங்களுக்குத் தெம்பு தரலாம். அமெரிக்கா சென்ற ஒருவருக்கு சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் மாரடைப்பு வந்து, மூன்று ஸ்டென்ட் வைத்தார்கள். அவர் பயணக் காப்பீடு எடுத்தபோது தமக்குச் சர்க்கரை நோய் இருப்பதைச் சொல்லியிருந்தார். கொழுப்புக்கான மாத்திரை சாப்பிட்டதைச் சொல்லவில்லை என்று நிறுவனம் மறுத்தது. உடல்நிலையை மதிப்பிட்டுப் பாலிசியைக் கொடுத்த பிறகு, தெரிவிக்கப்பட்ட நிலையின் பெயரில் பின்வாங்க முடியாது என்று நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகச் சொல்லிவிட்டது.

திருப்பூர் வாசகர்: அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தோம். பாலிசியில் அறை வாடகை நாளுக்கு ரூ.5,000 வரைதான் என்று இருக்கிறது, நாங்கள் ரூ.8,000 அறையில் தங்கினோம். மொத்த பில்லிலும் அதே விகிதத்தில் வெட்டிவிட்டார்கள். இதற்குப் புகார் கொடுக்க முடியுமா?

பதில்: வெட்டியதில் ஒரு பகுதி சரி, ஒரு பகுதி தவறு. ரூ.8,000 அறைக்கு ரூ.5,000 என்றால் 62.5 சதவீதம் தருவார்கள், மீதி 37.5 சதவீதத்தை வெட்டுவார்கள். அறுவை சிகிச்சை நிபுணர் கட்டணம், மயக்க மருந்து நிபுணர் கட்டணம் போன்றவற்றை அந்த விகிதத்தில் குறைக்கப் பாலிசி இடம் தருகிறது; ஏனென்றால் பல மருத்துவமனைகள் அறை உயர உயர இந்தக் கட்டணங்களையும் உயர்த்துகின்றன. ஆனால் மருந்துகள், உடலில் பொருத்தும் செயற்கை மூட்டு, மருத்துவக் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றின் விலை அறையைப் பொறுத்து மாறுவதில்லை. இவற்றில் விகிதக் கழிவு செய்யக் கூடாது என்று ஆணையம் 2020 ஜூன் மாதமே வழிகாட்டுதல் தந்திருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணத்துக்கும் இந்தக் கழிவு கிடையாது. அறைக்கு அறை கட்டணத்தை மாற்றாத மருத்துவமனையாக இருந்தால், விகிதக் கழிவே செய்யக் கூடாது.

நீங்கள் அனுப்பிய பில்லை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். செயற்கை மூட்டுக்கு ரூ.1,20,000, அதில் ரூ.45,000 வெட்டியிருக்கிறார்கள். மருந்துக்கு ரூ.40,000, வெட்டியது ரூ.15,000. பரிசோதனைகளுக்கு ரூ.16,000, வெட்டியது ரூ.6,000. ஆக, ரூ.66,000 உங்களுக்குத் திரும்ப வர வேண்டிய பணம். இந்த மூன்று வரிகளையும் ஒரு சிறு பட்டியலாக எழுதி, குறைதீர்ப்பு அலுவலருக்கு அனுப்புங்கள். கழிவு பற்றிய பதில் மருத்துவமனை மேசையில் இருக்கும், காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கிளெய்ம்களைக் கையாளும் இடைநிறுவனமான டி.பி.ஏ.வின் ஊழியரிடமிருந்து வாய்மொழியாக வந்திருந்தால் அதை ஏற்காதீர்கள். கிளெய்மை மறுக்கும் முடிவை நிறுவனம்தான் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இத்தகைய கணக்குப் பிழைகள் பெரும்பாலும் முதல் படியிலேயே தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

திண்டுக்கல் வாசகர்: ஓய்வுபெற்ற என் தந்தை, வைப்புத்தொகையைப் புதுப்பிக்க வங்கிக்குப் போனார். ஆண்டுக்கு ரூ.2 லட்சம் வீதம் பத்து ஆண்டுகள் கட்ட வேண்டிய ஆயுள் காப்பீட்டுப் பாலிசியை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். அவருடைய ஓய்வூதியமே மாதம் ரூ.22,000. இரண்டாம் தவணைக்கு அறிவிப்பு வந்தபோதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது.

பதில்: பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் திருப்பித் தந்திருந்தால் பணத்தைத் திரும்பப் பெற்றிருக்கலாம். அந்தக் காலம் கடந்துவிட்டது. எனினும் வழி மூடிவிடவில்லை. பாலிசியின் நிபந்தனைகளைத் தவறாகச் சொல்லி விற்பது ஆம்பட்ஸ்மேன் விசாரிக்கக்கூடிய புகார்களில் ஒன்று. முன்மொழிவுப் படிவத்தின் நகலை நிறுவனத்திடம் கேட்டு வாங்கி, ஆண்டு வருமானம் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஆண்டுக்கு ரூ.2,64,000 ஓய்வூதியம் வாங்குபவரால் ரூ.2 லட்சம் பிரீமியம் கட்ட முடியாது என்பது படிவத்தை நிரப்பியவருக்கும் தெரிந்திருக்கும். அதனால் வருமானத்தைப் பல மடங்கு கூட்டி எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. ஓய்வூதியப் புத்தகத்தின் நகலை அதன் அருகே வைத்தால் பொய் தானே தெரியும். பாலிசி வழங்குமுன் தொலைபேசியில் பேசி உறுதிசெய்திருந்தால் அந்த ஒலிப்பதிவையும் கேளுங்கள். தந்தையின் பெயரில், அவருடைய கையெழுத்தோடு புகார் போக வேண்டும். பிள்ளை என்ற முறையில் நீங்கள் எழுதிக் கொடுக்கலாம்.

மதுரை வாசகி: கலிஃபோர்னியாவில் வேலை பார்க்கும் என் மகளுக்கு, மருத்துவர் எழுதிக் கொடுத்த சிகிச்சை தேவையற்றது என்று அங்குள்ள காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டது. அங்கேயும் நம் நாட்டைப் போல ஆணையம் இருக்கிறதா?

பதில்: அமெரிக்காவில் ஒரே தேசிய ஆணையம் இல்லை. 1945-ஆம் ஆண்டின் ஒரு கூட்டாட்சிச் சட்டம் காப்பீட்டைக் கட்டுப்படுத்தும் பொறுப்பை மாநிலங்களிடம் விட்டது. ஆகவே ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித் துறை உண்டு. கலிஃபோர்னியாவில் இது இன்னும் சிக்கல், ஏனென்றால் அங்கே இரண்டு அலுவலகங்கள் இருக்கின்றன. குறிப்பிட்ட மருத்துவர்கள், மருத்துவமனைகளின் குழுவுக்குள்ளேயே சிகிச்சை பெற வேண்டிய ஹெச்.எம்.ஓ. போன்ற திட்டங்களை நிர்வகிக்கப்பட்ட மருத்துவப் பராமரிப்புத் துறையும், மற்றச் சில மருத்துவப் பாலிசிகளையும் வாகன, வீட்டுக் காப்பீடுகளையும் காப்பீட்டுத் துறையும் கவனிக்கின்றன. இவற்றுக்கும் அப்பால் ஒரு கதவு இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் பல, தம் ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தம் சொந்தப் பணத்திலிருந்தே தந்துவிட்டு, காப்பீட்டு நிறுவனத்தைக் கணக்குப் பார்க்க மட்டும் அமர்த்துகின்றன. அட்டையில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் இருந்தாலும், அத்தகைய திட்டம் மாநிலத் துறையின் கீழ் வராது. 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கூட்டாட்சித் தொழிலாளர் துறையின் கீழ் வரும். உங்கள் மகள் முதலில் அலுவலகத்தின் மனிதவளப் பிரிவில், 'நம் திட்டம் சொந்த நிதியில் நடப்பதா, காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கியதா?' என்று கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் தவறான துறைக்கு எழுதினால் வாரங்கள் வீணாகும்.

மாநிலத்தின் கீழ் வரும் திட்டம் என்றால், அவர் முதலில் திட்டத்திடமே முறையிட வேண்டும். அதிலும் மறுத்தால், சுதந்திர மருத்துவ மறுஆய்வு கேட்கலாம். நிறுவனத்தோடு தொடர்பில்லாத மருத்துவர்கள் ஆவணங்களைப் படித்து முடிவு சொல்வார்கள், நோயாளிக்குச் செலவில்லை, அவர்கள் சிகிச்சை தேவை என்றால் நிறுவனம் கட்டுப்பட்டே ஆக வேண்டும். கலிஃபோர்னியாவில் இதற்கு ஆறு மாத அவகாசம் உண்டு. சொந்த நிதித் திட்டமாக இருந்தாலும் வெளி மறுஆய்வு உண்டு, ஆனால் கடைசி மறுப்பு வந்த நான்கு மாதங்களுக்குள் கேட்க வேண்டும். சிகிச்சை ஏன் தேவை என்று மருத்துவர் எழுதும் கடிதம் அங்கே பெரும் பலம். மகளை இந்த வாரமே அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

விழுப்புரம் வாசகர்: ஆம்பட்ஸ்மேன் எனக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து இரண்டு மாதங்கள் ஆகிவிட்டன. பணம் வரவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டுமா?

பதில்: தீர்ப்பு கையில் கிடைத்த 30 நாட்களுக்குள் நிறுவனம் அதை நிறைவேற்ற வேண்டும், அதை எதிர்த்து ஆம்பட்ஸ்மேனிடமே மேல்முறையீடு செய்யவும் அதற்கு வழியில்லை. காப்பீட்டு ஆணையத்திடமிருந்து 2024 செப்டம்பரில் வந்த சுற்றறிக்கையின்படி, தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.5,000 வீதம் உங்களுக்கே தர வேண்டும். அந்தச் சுற்றறிக்கையைக் குறிப்பிட்டு, தாமதமான நாட்களைக் கணக்கிட்டு, குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். நகலை ஆம்பட்ஸ்மேன் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். பீமா பரோசாவிலும் பதிவு செய்யுங்கள். விதியை மீறும் நிறுவனத்தைத் தட்டிக் கேட்பது காப்பீட்டு ஆணையத்தின் சொந்த வேலை என்பதால், இந்தக் கட்டத்தில் ஐதராபாத்துக்கு எழுதுவதற்கு மிகுந்த பயன் உண்டு.

நுகர்வோர் ஆணையத்தை இப்போதைக்கு நாட வேண்டாம். மன உளைச்சலுக்கு இழப்பீடு கேட்க விரும்பினால் மட்டும் அந்த வழியை யோசிக்கலாம். ஆம்பட்ஸ்மேன் நேரடி இழப்பை மட்டுமே, அதுவும் ரூ.50 லட்சம் வரைதான் வழங்க முடியும். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் மனு தாக்கல் செய்ய வேண்டும் என்பதால், உங்கள் முதல் மறுப்புக் கடிதத்தின் தேதியை எடுத்துப் பாருங்கள். மற்ற வாசகர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால், அதே பிரச்சினையை ஆம்பட்ஸ்மேன் எடுத்துக்கொள்ள மாட்டார். ஆம்பட்ஸ்மேனிடம் முதலில் போய், தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் ஏற்காமல் நுகர்வோர் ஆணையத்துக்கு வரலாம். மாறாகப் போக முடியாது.